அரச அலுவலகங்களுக்கு இலத்திரனியல் பில்: திருகோணமலை வழங்குநர்களின் கேள்விகளுக்குப் பதில்

கச்சேரி, பிரதேச சபை, பாடசாலை, வைத்தியசாலை என்று அரச இடங்களுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் 27 வருடம் கொடுப்பனவுக் கிளையில் வவுச்சர் பார்த்தவன். இப்போது கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கிறேன்.

உப்புவெளி, அச்சகம்: இலத்திரனியல் விலைப்பட்டியல் என்று புதிதாக என்ன இருக்கிறது, ஐயா? நான் இப்பவே பி.டி.எஃப். ஆக்கி ஈமெயிலில்தானே அனுப்புகிறேன்.

பி.டி.எஃப். என்பது பேப்பரின் படம். கண்ணால் வாசிக்கலாம், கணினி அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாது. அலுவலகத்தில் ஒரு பிள்ளை அதைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பிழை அங்கேதான் நுழைகிறது. ஒருமுறை 48,150 ரூபாய் பில் ஒன்று 48,750 என்று வவுச்சரில் ஏறிவிட்டது. கணக்காளர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். புது வவுச்சர், புதுக் கையெழுத்து என்று மூன்று கிழமை போனது. கடைக்காரர் என்னைத்தான் ஏசினார்.

உண்மையான இலத்திரனியல் பில்லில் கொள்வனவுக் கட்டளை இலக்கம், பொருள், அளவு, விலை, வரி வீதம் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். ஒரு கணினி எழுதியதை மற்றக் கணினி நேரடியாக வாசிக்கும். அளவை விலையால் பெருக்கினால் தொகை வராவிட்டால் பில் அந்த நொடியே திரும்பிவிடும், மூன்று கிழமை கழித்தல்ல. ஐரோப்பிய ஒன்றியம் அரச பெறுகைக்கென்று 2014இல் கொண்டுவந்த பணிப்புரை இதைத்தான் இலத்திரனியல் பில் என்கிறது. அதற்கான பொது வடிவம் ஈ.என். 16931. வெறும் பி.டி.எஃப். அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது.

தம்பலகாமம்: ஸ்கேன் பண்ணி அனுப்பினால்?

அதுவும் படம்தான்.

நிலாவெளி, உணவு வழங்குநர்: கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் இல்லாமல் பில் செல்லுமா?

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் செல்லுபடியை மறுக்க முடியாது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், கவுண்டர் ஒரு பக்கம். முத்திரை கேட்கிற கணக்காளரிடம் சட்ட இலக்கம் சொல்லிச் சண்டை பிடித்தால் உங்கள் பில் அடியில் போகும். சாமான் ஏற்ற முதல் அவரிடமே கேட்டுவிடுங்கள். அப்புறம், கொள்வனவுக் கட்டளை இலக்கத்தைப் பில்லில் போட மறக்காதீர்கள்.

மூதூர், ஹார்ட்வெயார்: அண்ணை, கோபிக்க வேண்டாம். காசு வராததற்குப் பேப்பரா காரணம்? நவம்பரில் 40 பை சீமெந்து கொடுத்தேன். மார்ச் வரைக்கும் "கட்டுநிதி வரவில்லை" என்றார்கள். கணினியில் அனுப்பியிருந்தால் மட்டும் திறைசேரி திறந்திருக்குமா?

திறந்திராது. திறைசேரி காசு விடாவிட்டால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. டிசம்பர் 31 உடன் அந்த வருட ஒதுக்கீடும் முடிந்துவிடும். பிறகு உங்கள் பில் அடுத்த வருடத்தின் தலையில்.

இடையில் ஓர் அலுவலகத்திலிருந்து முகாமைத்துவ உதவியாளர்: எல்லாப் பழியையும் எங்கள் மேல் போடாதீர்கள். வருகிற பில்லில் பாதிக்குக் கட்டளை இலக்கமே இல்லை. களஞ்சியத்தில் பொருள் ஏற்ற பற்றுச்சீட்டோடு எப்படிப் பொருத்துவது?

மூதூர்: இலக்கம் போட்டுத்தான் கொடுத்தேன், தங்கச்சி. "பில் வந்து சேரவில்லை, இன்னொரு கொப்பி தாருங்கள்" என்று மூன்று தரம் கேட்டார்கள். மூதூரிலிருந்து டவுனுக்கு மூன்று தரம் வந்தேன்.

தம்பி, உங்கள் முதல் கேள்வியை விட இது பெரிய விஷயம். காசு இல்லை என்பது ஒரு பதில். பில் வரவில்லை என்பது வேறு பதில். பேப்பர் இருக்கும்வரை இரண்டாவதை யாரும் எப்போதும் சொல்லலாம். நானே ஒரு அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த பில்லை எட்டு மாதம் கழித்து எடுத்திருக்கிறேன்.

இத்தாலியைப் பாருங்கள். 2014 ஜூனில் அமைச்சுகளுக்கும், 2015 மார்ச் 31இலிருந்து மற்ற எல்லா அரச அலுவலகங்களுக்கும் இலத்திரனியல் பில்லைக் கட்டாயமாக்கினார்கள். எல்லாப் பில்லும் அரசின் ஒரே பரிமாற்றத் தளம் வழியாகப் போகிறது. எந்தப் பில் எப்போது சேர்ந்தது என்பதைத் தளமே பதிகிறது. அந்தத் தரவை வைத்து எந்த அலுவலகம் எத்தனை நாள் இழுக்கிறது என்று நிதி அமைச்சு பார்க்கிறது. ஐரோப்பிய விதிப்படி அரச நிறுவனங்கள் பொதுவாக 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் வட்டி. பில் கிடைத்த நாளிலிருந்துதான் பொதுவாக அந்த நாள் கணக்கு ஓடும். அந்தத் தேதியை மறுக்க முடிந்தால் 30 நாள் என்ற விதிக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆகவே தளம் மட்டும் வந்து காலக்கெடு வராவிட்டால் நீங்கள் சொல்வது சரி. பிந்துவதை அழகாகப் பதிந்து வைத்திருப்போம், அவ்வளவுதான்.

தங்கச்சி சொன்னதும் சரி. இலக்கம் இல்லாத பில்லை நானும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கிண்ணியா, தளபாடக் கடை: நான் வற் பதிவு செய்யவில்லை. அரச பில் என்பதால் 18 வீதம் சேர்க்கலாமா?

கூடாது. பதிவில்லாதவர் வற் அறவிட முடியாது. 2024 ஜனவரியிலிருந்து வீதம் 18 என்பது பதிந்தவர்களுக்கு. மிச்சத்தை இறைவரித் திணைக்களத்தில் கேளுங்கள், அது என் துறையல்ல.

சீனக்குடா: ஈமெயிலில் பி.டி.எஃப்.…

முதல் பதில்.

கந்தளாய், எழுதுபொருள் கடை: சின்னக் கடை. இப்பவே மென்பொருள் வாங்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். இந்தியாவில் ஜி.எஸ்.டி. என்ற பொருள், சேவை வரிக்கான இலத்திரனியல் பில்லை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். படிப்படியாக இறக்கி 2023 ஆகஸ்டில்தான் 5 கோடிக்கு வந்தார்கள். இங்கே எப்படி வந்தாலும், பில் இலக்கத்தை இடைவெளி விடாமல் போடுவது, ஒரு பொருளுக்கு ஒரே பெயர் வைப்பது இரண்டையும் இப்பவே பழகுங்கள். ஏ4 தாளை ஒரு நாள் "80 ஜி.எஸ்.எம். பேப்பர்" என்றும் மறுநாள் "ஏ4 பண்டல்" என்றும் எழுதினால் எந்தக் கணினிக்கும் பைத்தியம் பிடிக்கும். வாங்குவதாக இருந்தால், கணினிகள் நேரடியாக வாசிக்கும் யூ.பி.எல். என்ற பொது வடிவில் பில் வெளியே எடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். "கிளவுட்" என்று சொன்னால் அது பதில் அல்ல.

திருகோணமலை டவுன், மின்சாதனக் கடை: பில் தமிழில் இருக்கலாமா?

நல்ல கேள்வி. அளவுகளுக்குச் சர்வதேசக் குறியீடு உண்டு. கிலோவுக்குக் கே.ஜி.எம்., லீற்றருக்கு எல்.டி.ஆர். அதனால் கணக்குப் பகுதிக்கு மொழியே தேவையில்லை. பொருள் விவரத்தைத் தமிழில் எழுதலாம், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் இருந்தால். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் உங்கள் திரையில் மட்டும்தான் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் "சீமெந்து" ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிடும். இந்த ஊரில் பாதி அலுவலகம் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள்.

அதே கடை: பாமினியில் அடித்துப் பி.டி.எஃப். ஆக்கினால் சிதறாது தானே, அண்ணை?

சிதறாது, தம்பி. மேலே போய் முதல் பதிலை வாசியுங்கள்.