டெம் படத்தில் தெரியும் சுருள் மீசோசோமா?

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வுக்காக ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் மூலிகைச் சாறு ஒன்றைச் சோதித்தேன். டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படங்களில் செல்லுக்குள் சவ்வு சுருண்டு கிடக்கிறது. இதை மீசோசோம் (பாக்டீரியாவின் உள்ளுறுப்பு என்று பள்ளியில் படித்தது) என்று எழுதுவதா, சாற்றால் வந்த சேதம் என்று எழுதுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சாறு படாத செல்களையும் இதே முறையில் பதப்படுத்திப் பார்த்தீர்களா? அந்தப் படங்கள் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

1950களில் இந்தச் சுருள்கள் கண்ணில் பட்டபோது அதை ஓர் உறுப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். சுவாசம், செல் பிரிவு என்று ஆளுக்கொரு வேலையும் கொடுத்தார்கள். பள்ளியில் நாம் படித்ததும் அதுதான். பிறகு, வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல் செல்களை நொடிக்கும் குறைவான நேரத்தில் உறையவைத்துப் பார்த்தால் சுருள்களைக் காணோம்! நீரைப் பனிப்படிகமாகாமல் உறையவைக்கும் நுட்பத்தை வளர்த்த ழாக் துபோஷே 2017இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

காரணம் இதுதான். செல்களைப் பதப்படுத்தச் சேர்க்கும் குளூட்டரால்டிஹைடு புரதங்களைப் பிணைக்கும், சவ்வில் உள்ள கொழுப்பை அவ்வளவாகத் தொடாது. செல் மெதுவாகச் சாகும் அந்த நேரத்தில் சவ்வு நகர்ந்து மடிந்துவிடுகிறது. உயிருள்ள செல்களை சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக் கழுவியபின் பதப்படுத்தினால் அந்த அலைக்கழிப்பும் சேர்ந்துகொள்ளும். நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறோம்.

அதனால் அடுத்த முறை வளர்ப்பு ஊடகத்திலேயே, அதே வெப்பநிலையில், குளூட்டரால்டிஹைடைச் சேர்த்துவிடுங்கள் (மொத்தத்தில் 2.5% வரும்படி). சுற்றுவதும் கழுவுவதும் அப்புறம். பிறகு 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடு, எத்தனால், ரெசின், 60–70 நானோமீட்டர் வெட்டுகள் எல்லாம் வழக்கம்போல. ஆஸ்மியம் ஆவி கண்ணைக் கெடுக்கும், ஃபியூம் ஹுட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். சுமார் 2,000 பார் அழுத்தத்தில் உறையவைக்கும் கருவி எங்காவது கிடைத்தால், ஒரு மாதிரியையாவது அனுப்பிப் பாருங்கள். அது வழக்கமான நூறு டெம் படங்களுக்குச் சமம் என்பேன்.

சுருள் போலி என்பதற்காக உங்கள் படங்கள் வீண் இல்லை. சவ்வைத் தாக்கும் சில பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) பட்ட செல்களிலும் இத்தகைய மடிப்புகள் பதிவாகியிருக்கின்றன. எந்தப் படம் எந்தக் குழு என்று தெரியாத நண்பரை விட்டு இரண்டு குழுவிலும் எண்ணச் சொல்லுங்கள். சாறு பட்ட செல்களில் தெளிவாக அதிகம் என்றால், சவ்வு பலவீனமாகியிருக்கலாம் என்று எழுதலாம். பெயர் மட்டும் 'வேதிப் பதப்படுத்தலுக்குப்பின் தெரிந்த உட்சவ்வு மடிப்புகள்' என்றே இருக்கட்டும்.