ஓசியும் வரியும்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் எங்கள் காலனிப் பூங்காவில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, பல்லாங்குழி, கிட்டிப்புள் என்று விளையாட வைக்கிறேன். சென்னையில் பதினாறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியதும் ஆரம்பித்தது. காசு எதுவும் வாங்குவதில்லை. முதல் மாதம் 32 பிள்ளைகள் வந்தார்கள். வாங்கி வைத்த முறுக்கு போதவில்லை. ஐந்தாவது மாதம் நாலு பேர். அதில் இரண்டு பேர் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவின் பிள்ளைகள்.

"ஓசியில் நடத்தினால் நம்ம ஊரில் மதிப்பு இருக்காது, தலைக்கு 50 ரூபாய் வாங்கு, தானாக வருவார்கள்" என்கிறார் என் வீட்டுக்காரர். கராத்தே வகுப்புக்கும் அபாகஸுக்கும் பைக்கில் கொண்டுபோய் விடுகிறவர்கள், நாலு வீடு தள்ளி இருக்கும் பூங்காவுக்கு அனுப்புவதில்லை என்பதைப் பார்த்தால் அவர் சொல்வது சரியோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது. கட்டணம் வைக்கலாமா? இல்லை, இத்தோடு விட்டுவிடலாமா?

செ.,
பாளையங்கோட்டை

அன்புள்ள செ.,

விட வேண்டாம். 50 ரூபாயும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. ஓசிக்கு மதிப்பில்லைதான். நம்ம ஊரில் காலங்காலமாக நடந்துவரும் எதுவும் ஓசியில் நடக்கவில்லை என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

போன வருடம் வைகாசியில் நாங்குநேரிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நண்பரோடு போயிருந்தேன். இரவு ஒரு மணி. வில்லுப்பாட்டு உச்சத்தில் இருக்கிறது. வில்லின் முன்னால் இருந்த அம்மாள் வீசுகோலை ஓங்கி அடித்துக் கதையைச் சொல்லச் சொல்ல, பின்னால் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுகிறார்கள். குடம் அடிக்கிறவர் கண்ணை மூடித் தூங்கி விழுவது போலத்தான் இருந்தார். ஒரு அடி தவறவில்லை. பாயில் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கிறார்கள். நீ யார், எந்த ஊர் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. தூக்குச்சட்டியோடு வந்த ஒருவர் சுக்குக் காப்பியை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எனக்கு எல்லாமே ஓசி.

நடுவில் வில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து நோட்டை வாசித்தார். தலைக்கட்டு வரி, அதாவது வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் பிரிக்கும் பணம், அதன் நோட்டு. இன்னார் மகன் இன்னார், மும்பையிலிருந்து அனுப்பியது, வரவு. இன்னார் வீடு, பாக்கி. பாக்கி என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்ததுதான் தாமதம், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, "நாளைக்குத் தாரேன்னு சொன்னேம்லா!" என்று சத்தம் போட்டார். பெண்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பு. அந்த நோட்டு இல்லாவிட்டால் வில் இல்லை, பந்தல் இல்லை, என் சுக்குக் காப்பியும் இல்லை. வந்தவர்களுக்கு இலவசம், ஊர்க்காரர்களுக்கு வரி. வரி கொடுத்தவன் விடிய விடிய உட்கார்ந்திருப்பான், அது அவன் வீட்டு விசேஷம்.

நூலகமும் இப்படித்தான். உள்ளே போய் ஒரு பைசா கொடுக்காமல் நாள் முழுக்கப் படிக்கலாம். ஆனால் நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. ரசீதில் அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நூலகத்துப் பேப்பரை ‘ஓசிப் பேப்பர்’ என்கிறோம்.

சரி, வரி என்றால் பணம்தானா? ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று பாருங்கள். கடை வாசல்தோறும் மோரும் பானகமும் அண்டா அண்டாவாக இருக்கும். சனம் அதற்காக வருவதில்லை. நெல்லையப்பர் தேர் மனுஷக் கையால் நகர வேண்டியது. வடம் பிடிக்க ஆள் வேண்டும், பின்னால் தடி போட ஆள் வேண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கக் கை பழகிய ஆள் வேண்டும். 2024-ல் வடம் திரும்பத் திரும்ப அறுந்துபோனது. வேறு வடம் வந்து கட்டும்வரை சனம் காத்துக் கிடந்து, பிறகு இழுத்தது. ஒரு கச்சேரியில் கால்மணி நேரம் மைக் படுத்துவிட்டால் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தேரில் அப்படி இல்லை. ஆயிரம் பேருக்குப் பின்னால் வடத்தில் ஒரு விரலை வைத்தவனும் ‘நான் இழுத்தேன்’ என்றுதான் வீட்டில் போய்ச் சொல்கிறான்.

கோவில், குளம் என்று பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். குளம் என்றதும் ஞாபகம் வருகிறது. மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பினர் நடத்தும் மையமும் இங்குள்ள இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். சம்பளம் கிடையாது, கட்டணமும் கிடையாது. விடிகாலைக் குளிரில் கரையில் போய் நிற்க வேண்டும். ஒரு தடவை என்னோடு இருந்த குழுவில் ஏழாவது படிக்கும் ஒரு பிள்ளை. அவளுக்கு முக்குளிப்பானை எண்ணும் வேலை. அது தண்ணீருக்குள் முங்கி வேறெங்கோ எழும். "பதினொண்ணு... ஐயோ, இது அப்பமே எண்ணுனதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். நாலு தடவை எண்ணினாள். கூழைக்கடாக்கள் வரிசையாக இறங்குவதைக் காட்டியபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கணக்கு விட்டுப்போகுமாம். அடுத்த வருடம் அவளாக வந்தாள், கூடவே தம்பியையும் இழுத்துக்கொண்டு.

உங்கள் பூங்காவில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? கதை நீங்கள் சொல்கிறீர்கள், முறுக்கு நீங்கள் வாங்குகிறீர்கள், பல்லாங்குழிக் கட்டை உங்களுடையது, கூட்டுவதும் பெருக்குவதும் நீங்களாகத்தான் இருக்கும். அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியதுதான். டிவி முன்னாலும் அதைத்தானே செய்கிறார்கள்? ஆகவே வரி போடுங்கள், பணமாக வேண்டாம். ஒரு வீட்டிலிருந்து பாய். ஒரு வீட்டில் சுண்டல் அவிக்கட்டும். புளியமுத்து கொண்டுவர ஒருத்தி, அதை எண்ணித் திருப்பி வாங்கி வைக்க ஒருவன். ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை தன் ஆச்சியிடம் கேட்ட கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படியே ஒரு நாள் ஆச்சியையே கூட்டிக்கொண்டு வந்துவிடும், பாருங்கள்.

பணமாக வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கொடை வரியைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதினேனே, அதில் ஒரு அசிங்கமும் இருக்கிறது. யாரிடம் வரி வாங்குகிறோம் என்பதை வைத்துத்தான் யாருடைய கோவில் என்று ஆகிறது. பெரும்பாலும் அது ஒரு சாதியின் எல்லைக்குள் நின்றுவிடும். அடுத்த தெருக்காரன் தானாக நூறு ரூபாய் நீட்டினாலும் நோட்டில் அவன் பேரை எழுத மாட்டார்கள். எழுதினால் அவனுக்கும் உரிமை வந்துவிடுமே. உங்கள் 50 ரூபாய் வேறு வகையில் அதே வேலையைச் செய்யும். கடைசிவரை வந்த நாலு பேரில் இரண்டு பேர் இஸ்திரி வண்டி அக்காவின் பிள்ளைகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டணம் வைத்த அன்றைக்கு முதலில் வராமல் நின்றுபோவது அவர்கள் இரண்டு பேரும்தான். வேலையை வரியாக வைத்தால் அந்தப் பிள்ளைகளும் மற்றவர்கள் அளவுக்கே கொடுக்கலாம். ஒருவேளை கூடவே கொடுப்பார்கள்.

அப்புறம் அந்த 32, அந்த 4. எண்ணிக்கையில் நானும் அடிபட்டவன். பதினைந்து வருடம் முன்பு நண்பர்கள் சேர்ந்து ஒரு மண்டபத்து மாடியில் கவிதைக் கூட்டம் போட்டோம். நூறு நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். வந்தது பதினொரு பேர். பேச வந்தவர், எழுதிக்கொண்டு வந்ததை மாற்றத் தெரியாமல், "பெருந்திரளாகக் கூடியிருக்கும் அன்பர்களே" என்று ஆரம்பித்தார். அந்த 89 காலி நாற்காலிகள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்றாவது கூட்டத்தோடு முடிந்தது. இன்றைக்கு என்றால் ஒரு ஜமுக்காளம் விரித்திருப்பேன். பதினொரு பேர் வந்தால் அதை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். பதினொரு பேரும் நெருக்கமாக உட்கார்ந்திருப்பார்கள், கூட்டமாகத் தெரியும்.

வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்றைக்கும் பேசுகிறோம். அது ஒரு வீட்டு முற்றம் கொள்கிற அளவுக் கூட்டம்தான். ஆனால் ஞாயிறு மாலை என்றால் உண்டு. உங்களுடையது ‘இரண்டாவது ஞாயிறு’. காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு வர வேண்டிய எதற்கும் பிள்ளைகள் வர மாட்டார்கள். நாலு பேர் போதும், வாராவாரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முடியாத வாரம் அந்த நாலு பேரும் நடத்தட்டும். பெரிய பிள்ளையிடம் பல்லாங்குழிக் கட்டையை வீட்டுக்கே கொடுத்து அனுப்பிவிடுங்கள், தொலைந்தால் தொலைகிறது.

வரும் ஞாயிறு நானும் வரலாம் என்று இருக்கிறேன். எனக்கும் ஒரு வேலை போட்டு வையுங்கள். பனங்கருப்பட்டி போட்டுக் காப்பி வைக்கத் தெரியும், கதையும் ஒன்றிரண்டு கைவசம் உண்டு.

கடிதத்தில் மாலை என்று எழுதியிருக்கிறீர்கள், மணி போடவில்லை. நாலரையா, ஐந்தா?