ரெடாங் கணக்கு பினாங்குக்கு ஆகாது

கேள்வி: ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மூன்று இரவு பினாங்குக்குப் போகிறோம். ரெடாங் தீவுக்குப் படகு, அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த பேக்கேஜில் போய்வந்த நண்பர், அதேபோல பினாங்குக் கடற்கரையான பத்து ஃபெரிங்கியில் ஒரு ரிசார்ட் எடுக்கச் சொல்கிறார். சைவம் சாப்பிடும் அம்மாவோ, சமையலறை உள்ள வீடு எடுத்தால் நாமே சமைத்துக்கொள்ளலாம், செலவு பாதியாகும் என்கிறார். எது லாபம்?
(வாசகர், கெப்போங், கோலாலம்பூர்)

பதில்: உங்கள் நண்பர் ரெடாங்கில் செய்தது சரியான காரியம். அங்கே படகை விட்டு இறங்கினால் ரிசார்ட், அதைத் தாண்டினால் இன்னொரு ரிசார்ட். தக்காளிகூட கடல் தாண்டி வரவேண்டிய இடத்தில், சாப்பாட்டுக்கும் சேர்த்து முன்னாலேயே பணம் கட்டிவிடுவதுதான் நிம்மதி. (அதற்காக டிசம்பரில் அங்கே கிளம்பிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக்கரைத் தீவு ரிசார்ட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.)

பினாங்குக்கு ஜனங்கள் எதற்குப் போகிறார்கள்? கடலுக்கா? பத்து ஃபெரிங்கித் தண்ணீர் ரெடாங்குக்குப் பக்கத்தில்கூட நிற்காது. சாப்பிடத்தான் போகிறார்கள், ஐயா. நாசி கண்டாருக்கு வரிசையில் நிற்கவும், செண்டோல் கிண்ணத்தைக் கையில் ஏந்தித் தெருவோரம் நின்றே குடிக்கவும் கே.எல்.லிலிருந்து நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டிப் போகிறவர்கள் நாம். அங்கே போய் மூன்று வேளையும் ரிசார்ட் பஃபேயில் தட்டேந்த வேண்டுமா?

நேரக் கணக்கையும் பாருங்கள். விடுமுறை நாளில் பினாங்கு மலை ரயிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரிசார்ட்டில் மதியச் சாப்பாட்டை எடுத்துவைப்பதற்குள், தஞ்சோங் பூங்கா வழியாக நெரிசலில் ஊர்ந்து திரும்பவேண்டும். கட்டிய காசு போகிறதே என்று பாதியில் திரும்புவீர்கள். இல்லாவிட்டால் வெளியே சாப்பிட்டு ஒரே வேளைக்கு இரண்டு முறை பணம் கொடுப்பீர்கள்.

அம்மாவுக்கு பஃபேயில் என்ன கிடைக்கும்? சாலட், வெறுஞ்சோறு, ஒரு காய்கறிப் பிரட்டல். அதில் ஆயிஸ்டர் சாஸ் ஊற்றியிருக்கிறதா, சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கிறதா என்று வேளாவேளைக்கு விசாரிக்க வேண்டும். ஆனால் ரெண்டாங் இறைச்சிக் கறி சாப்பிடுகிறவருக்கும் அவருக்கும் கட்டணம் ஒன்றுதான்.

முகவர் ‘எல்லாம் சேர்த்து’ என்றால் எதெது என்று கேளுங்கள். ஃபுல் போர்டு என்றால் பெரும்பாலும் மூன்று வேளை உணவோடு சரி, பானங்களுக்குத் தனி பில். மதுவும் சேர்ந்த ஆல் இன்குளூசிவ் நம் நாட்டில் அதிகம் இல்லை. செராத்திங்கில் உள்ள கிளப் மெட் அந்த வகை. 1950இல் மயோர்க்கா தீவில் கூடாரம் போட்டு ஆரம்பித்த நிறுவனம் அது. ஆரம்பகாலத்தில் அவர்களே பாரில் குடிக்கும் பானங்களைச் சேர்க்கவில்லை. காசு கொடுத்து மணிகள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பானத்துக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்கவேண்டும். குடிக்கிறவர் கொடுக்கட்டும் என்கிற நியாயம் அதில் இருந்தது. இன்றைக்கு எல்லாம் சேர்ந்த விலை என்றால், குடிக்காத குடும்பம் பக்கத்து மேசைக்காரரின் பியருக்குப் பங்கு போடுகிறது. விலைக்குப் பின்னால் ‘பிளஸ் பிளஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள்: சேவைக் கட்டணம் வழக்கமாக 10 விழுக்காடு, சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து அறைக்கு 8 விழுக்காடு.

சரி, வீடு எடுத்துச் சமைப்பது. சமைக்கப்போவது யார்? நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அடுப்பில் நிற்பார், உங்கள் மனைவி காய் நறுக்குவார், கெப்போங்கில் தினமும் நடப்பது அங்கேயும் நடக்கும், மிக்சி மட்டும் இருக்காது. வாடகை வீடுகள் பலவற்றில் இருப்பது ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பும் முட்டை பொரிக்கும் அளவுக்கு ஒரு சட்டியும்தான். சுவரில் ‘லைட் குக்கிங் ஒன்லி’ என்று ஒட்டியிருப்பார்கள். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் லைட்டா ஹெவியா என்பதை உரிமையாளரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள், டெபாசிட் பத்திரமாகத் திரும்பும். பாதிச் செலவு என்பது அந்த இரண்டு பெண்களின் உழைப்புக்கு விலை போடாத கணக்கு. அம்மாவே சொன்னார் என்பீர்கள். மகனுக்குச் செலவாகிறதே என்று அவர் சொல்லியிருப்பார். நீங்கள் உடனே லாபம் பார்க்கக் கூடாது.

அம்மாவின் சைவத்துக்குப் பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனில் பஞ்சமே இல்லை. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சைவச் சாப்பாடு உண்டு. சீன பௌத்தர்களின் சைவக் கடைகளும் தீவில் நிறைய. அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத இடங்கள் உண்டு. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றால், காலைக்கும் இரவுக்கும் ஒரு கஞ்சியோ பாலோ காய்ச்ச வசதி போதும்.

ஆகவே என் யோசனை: ஜோர்ஜ்டவுனிலோ அதை ஒட்டியோ, சிறு சமையலிடம் உள்ள சர்வீஸ் அபார்ட்மெண்ட், சாப்பாடு சேர்க்காமல். பிள்ளைகள் நீச்சல்குளம் கேட்டால் கடைசி இரவு மட்டும் பத்து ஃபெரிங்கி, காலை உணவோடு. கார் ஓட்டி அலுத்துவிட்டால் நகரத்திலிருந்து 101ஆம் எண் பேருந்து அங்கே போகிறது.

அபார்ட்மெண்டுக்கு முன்பணம் அனுப்புமுன் ஒன்று. கோலாலம்பூர் மொண்ட் கியாராவில் ஓர் அடுக்ககத்தின் வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடைசெய்யக் கட்டட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பினாங்கிலும் குடியிருப்புக் கட்டடங்களில் இதற்குக் கெடுபிடி அதிகம். நிர்வாகத்தின் அனுமதி உண்டா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பிரச்சினை இல்லை பாஸ்’ என்று போனில் மட்டும் சொல்கிறவர், காவலாளி உங்களை வாசலில் நிறுத்தும்போது போனை எடுக்கமாட்டார்.