கற்பனை உலகத்தில் சாப்பாட்டுக்கு என்ன வேலை? கேம் மாஸ்டர்களுக்கான கேள்வி பதில்

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, கதையை நடத்தி ஆடும் விளையாட்டு; கதையை நடத்துகிறவர் கேம் மாஸ்டர், மற்றவர்கள் பிளேயர்கள். அதற்கு உலகம் உருவாக்குகிறவர்கள் வரைபடம், கடவுள்கள், ராஜவம்சம் எல்லாம் எழுதிவிடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் விட்டுப்போகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

எந்தச் சத்திரத்துக்குப் போனாலும் சூப், ரொட்டி, பீர்தான். இதை எப்படி மாற்றுவது?

புதுப் பண்டங்களுக்குப் பெயர் வைப்பதில் இறங்காதீர்கள். பெயரெல்லாம் அடுத்த செஷனுக்குள், அதாவது அடுத்த முறை ஆட உட்காருவதற்குள், மறந்துவிடும். ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது, கெடாமல் எப்படி வந்தது, யாருக்குக் கிடைக்காது என்று கேளுங்கள்.

மலைமேல் ஒரு கோட்டை, அங்கே சத்திரத்தில் கருவாடு. கடலோ பத்து நாள் பயணம். அப்படியானால் ஒரு பாதை இருக்கிறது, அதில் கோவேறு கழுதைகள் போய்வருகின்றன, வழியில் யாரோ சுங்கம் வாங்குகிறார்கள். மீனைக் காயவைக்க உப்பு வேண்டும். உப்பளம் யார் கையில்? பிளேயர்கள் அடுத்த தடவை வரும்போது தட்டில் கருவாடு இல்லை. "ரெண்டு வாரமா சரக்கே வரல" என்று சத்திரக்காரி சொன்னால் போதும், அவர்களே பாதையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

உப்பை வைத்தே ஒரு முழு கேம்பெயின், அதாவது பல செஷன்களுக்கு நீளும் ஒரு கதை, நடத்தலாம். பிரான்ஸில் கபெல் என்ற உப்பு வரி பகுதிக்குப் பகுதி வேறுபட்டதால் உப்புக் கடத்தல் பெரிய தொழிலாகவே நடந்தது. புரட்சியின்போது 1790இல் அந்த வரியை ஒழித்தார்கள். 1806இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார்.

இடைக்கால ஐரோப்பா மாதிரியான உலகத்தில் உருளைக்கிழங்கு வரலாமா?

தாராளமாக. நம் உலகத்தில் உருளை, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 1492க்குப் பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போயின. உங்கள் உலகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதைக் கொண்டுவந்த கப்பல் எது என்று யோசித்தீர்களானால் ஒரு கண்டமே இலவசமாகக் கிடைக்கும்.

பூமிக்கடியில் வாழும் குள்ளர்கள் காளான் மட்டும் சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். சரியா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காளானுக்கு வெளிச்சம் தேவையில்லை என்பது பாதி விஷயம்தான். செடி மாதிரி அது தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரித்துக்கொள்ளாது. மக்கும் மரம், வைக்கோல், சாணம் என்று ஏதாவது ஒன்றைத் தின்றுதான் வளரும். சூரியனே படாத குகைக்குள் அவ்வளவு மரமும் சாணமும் எங்கிருந்து வரும்? மேலேயிருந்துதான் வரவேண்டும்.

உடனே அரசியல் வந்துவிடுகிறது பாருங்கள். காட்டைக் காக்கும் எல்ஃப்கள் விழுந்த மரங்களை மட்டும் தருகிறார்கள், பதிலுக்கு இரும்பு வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வருடம் ஒப்பந்தம் முறிகிறது. குள்ளர்களின் குகைக்குள் முதலில் காலியாவது பணக்காரர் பந்தியா, சுரங்கத் தொழிலாளியின் தட்டா? பிளேயர்கள் அந்த நேரத்தில் விருந்தாளியாகப் போய், தங்களுக்கு மட்டும் தட்டு நிறையப் பரிமாறப்படுவதைப் பார்க்கட்டும்.

மந்திரத்தால் உணவு வரவழைக்க முடியும்போது பஞ்சத்துக்கு என்ன அர்த்தம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்பில் உணவும் நீரும் வரவழைக்கும் மூன்றாம் நிலை மந்திரம் 15 பேருக்கு ஒரு நாள் தாங்கும். ருசியற்ற உணவு, 24 மணி நேரத்தில் கெட்டுவிடும், சேர்த்துவைக்க முடியாது. ஐந்தாம் லெவல் கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் செய்யும் பாத்திரம்) ஒரு நாளைக்கு இரண்டு முறை இதைச் செய்யலாம், அதாவது 30 பேருக்கு. முற்றுகைக்குள் 3,000 பேர் இருந்தால் அந்த 30 பேரை யார் தேர்ந்தெடுப்பது? பஞ்சம் அப்படியேதான் இருக்கிறது, கிளெரிக்கின் வாசலில் வரிசை மட்டும் கூடியிருக்கிறது.

பாத்திரங்கள் பயணத்தில் எடுத்துப்போகும் ரேஷனை, அதாவது கட்டுச்சாப்பாட்டை, எண்ணுவது போரடிக்கிறது.

அப்படியானால் எண்ணாதீர்கள். பாலைவனம், கப்பல், முற்றுகை என்று சாப்பாடு தீர்ந்துபோகக்கூடிய இடங்களில் மட்டும் எண்ணுங்கள்.

நான் சாப்பாட்டை வர்ணிக்க ஆரம்பித்தால் பிளேயர்கள் போனை எடுத்துவிடுகிறார்கள்.

வர்ணனையை ஒரு வரியில் முடித்துவிட்டு, செய்வதற்கு எதையாவது கொடுங்கள். "கிழவி பானையை வழித்து, இருந்த ஒரே கறித்துண்டை உன் கிண்ணத்தில் போடுகிறாள். அவள் பேரன் அந்தத் துண்டையே பார்க்கிறான். என்ன செய்கிறாய்?" இதற்குப் பிறகு யாரும் போனைத் தொட மாட்டார்கள். டைஸ் உருட்டக்கூடத் தேவையில்லை.

ஒரு தடவை விருந்தில் விஷம் வைத்தேன். அதிலிருந்து யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை.

நம்பிக்கையை மெதுவாகத்தான் மீட்க வேண்டும். அடுத்து வரும் சாப்பாட்டில் எல்லாம் வஞ்சகம் இல்லாமல், பலன் மட்டும் இருக்கட்டும்: ஒரு தகவல், ஒரு நட்பு, இரவு தங்க இடம். பரிமாறுகிறவரே அதே பாத்திரத்திலிருந்து முதல் வாய் சாப்பிடட்டும். இன்னொன்று, பட்டினி, நரமாமிசம் மாதிரி விஷயங்கள் வரப்போகின்றன என்றால் செஷன் ஜீரோவிலேயே, அதாவது ஆட்டம் தொடங்குவதற்கு முன் பேசிக்கொள்ள உட்காரும்போதே, எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அதை விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.