கேரவனில் கடலூர், கூட்டம் இல்லாத நாட்களில்: கேள்வி பதில்

வேன் ஒன்றைப் படுக்கை, அடுப்போடு மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறேன். சொந்த ஊர் கடலூர் என்பதால் இந்தப் பக்கம் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள் இதோ.

அண்ணா, கூட்டம் குறைவாக இருக்கும் என்று கார்த்திகையில் வரலாம் என்றிருக்கிறோம். சரியா?

வேண்டாம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். உயரமான வண்டி காற்றில் ஆடும்போது உள்ளே படுத்திருக்க முடியாது. புரட்டாசியில் வாருங்கள். சாயங்காலம் ஒரு மழை அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், கடற்கரையும் காலியாக இருக்கும்.

சில்வர் பீச் மணலிலேயே நிறுத்தித் தூங்கலாமா?

தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். முதல் வருடம் நான் பத்தடிதான் இறங்கினேன். பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் சக்கரத்துக்கடியில் தென்னை மட்டையைத் திணித்து, வடம் கட்டி இழுத்துவிட்டார்கள். ராத்திரிக்கு ஊருக்குள் காம்பவுண்ட் உள்ள லாட்ஜில் கேட்டுப் பாருங்கள், வாட்ச்மேனும் இருப்பார்.

கடலூரில் பார்க்க என்ன இருக்கிறது சார்? எல்லோரும் நேராகப் புதுச்சேரிக்குத்தானே போகிறார்கள்?

அதுதான் எனக்கு வருத்தம். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் புனித டேவிட் கோட்டை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் அதை மராட்டியர்களிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் போனதும், 1752 வரை தென்னாட்டில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். இப்போது மிச்சம் இருப்பது கொஞ்சம் செங்கல் சுவர்தான். காலை வெயிலில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். காரை உதிர்ந்த இடத்தில் வேர் நுழைந்து செங்கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும். பலகை, டிக்கெட் என்று எதிர்பார்த்து வராதீர்கள். கொஞ்சம் கதை தெரிந்துகொண்டு வந்து, அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

அப்புறம் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோவில். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் ஊர் இது.

புதுச்சேரி ஒயிட் டவுனுக்குள் வண்டி போகுமா?

போகும், ஆனால் மரக்கிளை கூரையை உரசும், திருப்பவும் இடம் இருக்காது. பீச் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். கடலூரிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள், இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான்.

மழைக்கு ஜன்னலை மூடிவிட்டு உள்ளே சமைக்கலாமா அண்ணா?

கூடவே கூடாது. அடுப்பு எரியும்போது மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. படுக்கும்முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள்.

மீன் எங்கே வாங்குவது?

முதுநகர் துறைமுகத்தில், விடியற்காலையில். புரட்டாசியில் பல வீடுகளில் கவுச்சி கிடையாது என்பதால் விலையும் இறங்கும். அங்கேயே ஆய்ந்து வாங்கிவிடுங்கள். வண்டிக்குள் கழுவினால் மூன்று நாளைக்குத் தலையணை வரை வாடை அடிக்கும்.