வலதுசாரி வெகுஜனவாதமும் இடதுசாரிகளும்: கேள்வி பதில்

கேள்வி: தொழிலாளர்களே வலதுசாரிகளுக்கு ஓட்டுப் போடுகிறார்களே, ஏமாந்துவிட்டார்களா?

பதில்: ஏமாளிகள் என்று ஏசி ஏசியே பலரை இழந்தோம். போலந்தைப் பாருங்கள். 2012-இல் ஓய்வு வயதை 67 ஆக்கச் சட்டம் கொண்டுவந்தது லிபரல் அரசு. வலதுசாரியான ‘சட்டமும் நீதியும்’ கட்சியோ 2016-இல் இரண்டாவது குழந்தை முதல் மாதம் 500 ஸ்லோட்டி கொடுத்தது. மறு ஆண்டே ஓய்வு வயதையும் குறைத்தது. நீதிமன்றங்களின் குரல்வளையைப் பிடித்ததும் இதே கட்சிதான். ஆனால் கைக்கு வந்த பணம் பொய்யில்லையே! இடதுசாரிகள் பேச வேண்டியதை அவர்கள் செய்து காட்டினார்கள். 2015 தேர்தலில் எந்த இடதுசாரிக் கட்சியும் நாடாளுமன்றத்துக்குள் நுழையவில்லை.

கேள்வி: குடியேற்றத்தில் கடுமை காட்டினால், வலதுசாரிகளிடம் போனவர்கள் நம்மிடம் திரும்புவார்களா? டென்மார்க்கில் பலித்ததே?

பதில்: அரைகுறையாகப் பலித்தது. 2019-இல் தீவிர வலதுசாரி மக்கள் கட்சி 21.1 சதவீதத்திலிருந்து 8.7-க்குச் சரிந்தது உண்மை. ஆனால் குடியேற்றத்தில் கடுமை காட்டிய மெட்டே ஃபிரெடெரிக்சனின் சமூக ஜனநாயகக் கட்சி வாங்கியது 25.9 சதவீதம், ஆட்சியை இழந்த 2015-இல் வாங்கியதைவிடச் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் இடதுசாரித் தலைவர் சாரா வாகன்க்னெஷ்ட் இந்த வழியை நம்பித் தனிக்கட்சி கண்டார்; 2025 தேர்தலில் ஐந்து சதவீத வரம்பை மயிரிழையில் தவறவிட்டார். அவர் விட்டுப்போன இடதுசாரிக் கட்சி வீட்டு வாடகைப் பிரச்சினையைக் கையிலெடுத்து வீடுவீடாகக் கதவைத் தட்டியது. கிடைத்தது 8.8 சதவீதம்.

கேள்வி: 'மக்களா, மேட்டுக்குடியா' என்று வெகுஜனவாதிகளைப் போல நாமும் முழங்கினால் என்ன?

பதில்: அரசியல் தத்துவவாதி ஷாந்தால் மூஃப் வாதிட்ட வழி அது. அந்த வழியில் போன ஸ்பெயினின் இடதுசாரிக் கட்சி பொதேமோஸ் 2015-இல் இருபது சதவீதத்தைத் தாண்டியது. மேடைப் பேச்சு அலையைக் கிளப்பும். அலை வடிந்தபின் தாங்கிப் பிடிக்க வட்டாரத்தில் வேரில்லை.

கேள்வி: வேர் எப்படிப் பிடிக்கும்?

பதில்: ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரக் கம்யூனிஸ்டுகளைக் கவனியுங்கள். வாடகைதாரர்களுக்கு உதவ அவசரத் தொலைபேசி எண் வைத்தார்கள். வீட்டைக் காலி செய் என்ற கடிதத்தோடு வருபவரிடம் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்பதில்லை. கடிதத்தைப் படித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறார்கள். பதவியிலிருப்பவர்கள் தொழிலாளியின் சம்பள அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நலிந்தவர்களுக்குத் தருகிறார்கள். ஆண்டுதோறும் அந்தக் கணக்கைப் பொதுவில் விரித்துக் காட்டுகிறார்கள். 2021-இல் 28.8 சதவீதத்தோடு முதலிடம். எல்கே கார் மேயரானார்.

கேள்வி: ஒரு நகரத்தில் சரி, நாடு முழுக்க?

பதில்: அங்கேதான் இடிக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அதே ஆஸ்திரியாவில் முதலிடம் தீவிர வலதுசாரிச் சுதந்திரக் கட்சிக்கு, கம்யூனிஸ்டுகளுக்கு 2.4 சதவீதம்தான். கிராட்ஸ் வேலைக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதை மற்ற ஊர்களில் செய்ய முழுநேர ஊழியர்கள் வேண்டும். கட்சிப் பணம் அதற்குப் போகிறதா, தேர்தல் விளம்பரத்துக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.