வீட்டில் யாரும் குடிப்பதில்லை. போர்டோ ஒயின் தோட்டச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: கடலூரிலிருந்து, பாரிசில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பிரான்சின் போர்டோ நகரில் எட்டுப் பேர் மட்டும் போகும் வேனில், வழிகாட்டியுடன் ஒருநாள் ஒயின் தோட்டங்களைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். நாங்கள் யாரும் குடிப்பதில்லை. வயதானவர்களும் வருகிறார்கள். அவ்வளவு பணம் கொடுத்துப் போவது தகுமா?

பதில்:

தகும். குடிக்காதவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தகும் என்று சொல்வேன். ஒயின் குடிக்கப் போகிறோம் என்று எண்ணாமல், ஒரு விவசாயியின் நிலத்தைப் பார்க்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு போங்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அங்கே பேச நிறைய விஷயம் இருக்கிறது.

நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. அக்காவைக் கொடுத்த இடம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். இப்போது போர்டோ நகரை ஒட்டி இருக்கிறார்கள். என் மாமனார் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வைத்திருப்பவர். அவரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனபோது, செப்டம்பரில், அறுவடைக்குச் சற்று முன்பு இந்தச் சுற்றுலாவுக்குப் போனோம். எங்களில் மதுவைத் தொடுகிறவர் ஒருவர்கூட இல்லை.

முதலில் அந்த எட்டுப் பேர் கணக்கு. பிரான்சில் சாதாரண கார் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர், தன்னையும் சேர்த்து ஒன்பது இருக்கை உள்ள வண்டி வரைதான் ஓட்டலாம். வழிகாட்டியே வண்டியும் ஓட்டுவதால், சிறு குழு என்றால் பெரும்பாலும் எட்டுப் பேருக்குள் முடிந்துவிடுகிறது. அதில் பெரிய நன்மை உண்டு. அக்கா ஒருமுறை பெரிய பஸ்ஸில் கூட்டத்தோடு போய்வந்திருக்கிறார். முன்வரிசையில் நின்றவர்களுக்குத்தான் பேச்சு கேட்டதாம்; மற்றவர்கள் பீப்பாய்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்களாம். எட்டுப் பேர் என்றால் தோட்டக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார், கேள்விக்கு நின்று பதில் சொல்வார். நீங்கள் கொடுக்கும் பணம் அதற்குத்தான். ஒரு முழுநாளுக்கு ஆளுக்கு நூறு யூரோவைத் தாண்டும்.

நாமே போக முடியாதா என்றால், முடியும். போர்டோ சேன்-ழான் நிலையத்திலிருந்து, ஒயின் தோட்டங்கள் சூழ்ந்த சேந்த்-எமிலியோன் என்ற ஊருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் ரயில் கொண்டுபோய் விட்டுவிடும். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடக்கவும் முடியும். ஆனால் ஊரைப் பார்க்கலாம், தோட்டங்களைப் பார்ப்பது கடினம். அவை நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்க வேண்டும். குடிப்பவர்கள் இருந்தால் வாடகைக் கார் எடுக்கும் யோசனையே வேண்டாம். அங்கே ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். மூன்று தோட்டங்களில் தலைக்கு இரண்டு மூன்று கிண்ணம் சுவைத்தவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன்.

முதல் தோட்டத்தில் வண்டி நின்றதும், கட்டடத்துக்குள் போகாமல் நேராகக் கொடிகளுக்குள் அழைத்துப் போனார்கள். கம்பத்துப் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பார்த்திருப்பீர்கள். தலைக்கு மேலே பந்தல், நிழலில் நடந்து போகலாம். இங்கே கொடி இடுப்பளவுதான். கம்பிகளில் கட்டி, வேலி போல நேர்வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கம்பத்தில் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு எக்டேருக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கொடிகள் வரும். போர்டோவின் மெதோக் பகுதியில் அதே ஒரு எக்டேரில் 10,000 கொடிகள் வரை நடுகிறார்கள். மாமா நம்பவில்லை. ”இவ்வளவு நெருக்கி நட்டால் எப்படிக் காய்க்கும்? தண்ணீர் எங்கிருந்து வரும்?” என்று அக்காவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். தோட்டக்காரர் சொன்ன பதில் எங்கள் எல்லோரையும் நிறுத்தியது. நிறையக் காய்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் நெருக்குகிறார்கள். ஒன்றோடொன்று போட்டி போட்டு வேர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். கொடிக்குச் சில குலைகள் போதும், அவை செறிவாக இருக்க வேண்டும். வளர்ந்த கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் பொதுவாக அனுமதியே கிடையாது. ஒரு எக்டேருக்கு இவ்வளவுதான் விளைவிக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. அதை மீறினால் ஊர்ப் பெயரைப் போட்டு விற்க முடியாது. கம்பத்தில் ஆண்டு முழுவதும் மாறி மாறி அறுவடை நடக்கும். இங்கே ஆண்டுக்கு ஒன்றுதான். அதுவும் ஏப்ரலில் பனி விழுந்து தளிர் கருகினால் போயிற்று. பண்ருட்டியில் மரத்துக்கு இத்தனை காய் என்று பெருமையாகச் சொல்லி வாழ்ந்தவர் மாமா. வெகுநேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஓர் இலையைத் திருப்பினார். அதன்மேல் நீலமும் பச்சையும் கலந்தாற்போல் திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ”அம்மா, இது மயில்துத்தம். போர்டோ கலவை அடித்திருக்கிறார்கள்” என்றார்.

நம் ஊரில் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தென்னைக்கும் தலைமுறைகளாக அடித்துவரும் போர்டோ கலவை பிறந்த மண் அதுதான். மெதோக்கில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்றுவிடாமல் இருக்க, மயில்துத்தம் என்ற செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து, பார்த்தாலே விஷம் என்று தோன்றும்படி தெளித்துவைப்பது அந்நாளில் வழக்கம். அடிச்சாம்பல் என்ற பூஞ்சாண நோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த 1882இல், சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதை போர்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். சோதனைகள் செய்து 1885இல் உலகுக்குச் சொன்னார். திருடனை விரட்டத் தெளித்த மருந்து பூஞ்சாணத்தை விரட்டியது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, முறிந்த பலாக் கிளைகளை ரம்பத்தால் அறுத்துவிட்டு, வெட்டுவாயில் மாமா பூசிய பசையும் அதே சரக்குதான்.

இதை அக்கா பிரெஞ்சில் சொன்னதும் தோட்டக்காரர் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். எந்த அளவில் கலக்கிறீர்கள் என்று கேட்டார். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். கலந்ததும் இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் அதில் செம்பு ஏறக் கூடாது. ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று மாமா கையால் செய்து காட்டியே விளக்கினார். தோட்டக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு தன் கவலையைச் சொன்னார். செம்பு மண்ணை விட்டுப் போவதே இல்லை, ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஏழு ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்ட ஆண்டில் இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு. இந்த உரையாடலுக்காகவே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். பெரிய பஸ்ஸில் இது நடந்திருக்காது.

வேரைப் பற்றிய பேச்சும் அங்கேயே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். இன்றும் அப்படியே தொடர்கிறது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டு முந்திரி வாங்கி நட்டவர்களுக்கு இதை விளக்க ஒரு வாக்கியம் போதும்.

சுவைப்பதைப் பற்றி. கொடியிலிருந்து நாலைந்து மெர்லோ வகைத் திராட்சைப் பழங்களைப் பறித்து, பாட்டில் தண்ணீரில் கழுவிக் கையில் கொடுத்தார் வழிகாட்டிப் பெண். சின்னப் பழம், பெரிய விதை, எதிர்பாராத இனிப்பு. சாற்றை விழுங்கிவிட்டுத் தோலையும் விதையையும் மட்டும் மெல்லச் சொன்னார். கொட்டைப்பாக்கை மென்றது போல நாக்கு இழுத்துக்கொண்டது. அந்தத் துவர்ப்புதான் சிவப்பு ஒயினுக்குத் திடம் தருகிறது, அது தோலிலும் விதையிலும் இருக்கிறது. பழத்தின் சாறு நிறமற்றது, நிறமும் தோலிலிருந்துதான் இறங்குகிறது என்றார். விதை பழுப்பேறிக் கடித்தால் நொறுங்கும் பதம் வந்ததும்தான் பறிக்கிறார்களாம். ஒரு சொட்டு ஒயின் வாயில் படாமலே அதன் பாதிக் கதை எனக்குப் புரிந்தது அங்கேதான்.

நிலவறையில் பீப்பாய்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 225 லிட்டர், ஓக் மரம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்தான், பெரியவர்களுக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் கிண்ணம் வைக்கும்போது குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடலாம். பக்கத்திலேயே துப்புவதற்கு ஒரு கலயம் வைத்திருப்பார்கள். தொழில்காரர்களே சுவைத்துவிட்டு அதில் துப்பிவிடுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. மாமியாருக்குத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். முன்பே சொல்லிவைத்திருந்ததால் கிடைத்தது.

முட்டையும் சேர்க்காத சைவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பீப்பாயில் இருக்கும் சிவப்பு ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவை விடுவது போர்டோவின் பழைய முறை. அப்படி மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்ததாக அவர்கள் சொல்லும் பலகாரம்தான் கன்னெலே. வெளியே கருகலாக மொறுமொறுப்பும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் சின்னக் கேக். அதில் ரம்மும் ஊற்றுவார்கள், கேட்டுச் சாப்பிடுங்கள். மதிய உணவுத் தட்டில் சீஸோடு பன்றி இறைச்சித் துண்டுகளும் சாதாரணமாக வரும். சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நாங்கள் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம், மாமியாருக்கு அது தேவைப்பட்டது.

எந்தப் பக்கம் போவது என்று கேட்டால், முதல்முறை போகிறவர்களுக்கு சேந்த்-எமிலியோன்தான் என் தேர்வு. மெதோக்கில் 1855இல் தரவரிசை பெற்ற பெரிய மாளிகைகள் உண்டு. கம்பீரமாக இருக்கும், ஆனால் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்த உணர்வுதான் மிஞ்சும் என்று அக்கா சொல்கிறார். சேந்த்-எமிலியோனில் குடும்பங்கள் தாமே நடத்தும் சிறு தோட்டங்கள் அதிகம். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது ஊரை மட்டும் அல்ல, சுற்றியிருக்கும் திராட்சை நிலத்தையும் சேர்த்துத்தான். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே எடுத்த தேவாலயம் ஒன்று ஊர் நடுவில் இருக்கிறது. மகாபலிபுரத்துக் குடைவரைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு உள்ளே நின்றதும் மனம் ஒன்றிவிடும். தெருக்கள் மட்டும் செங்குத்து. கருங்கல் பாவிய சரிவில் முட்டிவலிக்காரர்கள் இறங்குவது சிரமம், கைத்தடி கட்டாயம். என் மாமியார் மேல்தெருவிலேயே உட்கார்ந்துகொண்டார்.

காலம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொடி உயிரோடு இருக்கும். ஆகஸ்டில் பழம் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். அறுவடை மும்முரத்தில் சில தோட்டங்கள் வெளியாட்களை விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல இடங்கள் பூட்டிக் கிடக்கும். குளிர்காலத்தில் போனால் மொட்டைக் கட்டைகள்தான். ஊரில் யாருக்காவது புட்டி வாங்கினால், இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடியது இரண்டு லிட்டர். அதையும் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பிரான்ஸ் பயணம் தள்ளிப்போனால், பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பக்கம் குரோவர் ஜம்பா தோட்டத்தில் சுற்றிக்காட்டுகிறார்கள். போர்டோவைச் சேர்ந்த ஒயின் வல்லுநர் மிஷேல் ரோலான் ஆலோசனை சொல்லி வளர்த்த இடம். கடலூரிலிருந்து ஒரு வாரக் கடைசியில் போய்வந்துவிடலாம்.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கொடிகளுக்குள் நடக்கவிடுவார்களா, அல்லது நேரே சுவைக்கும் அறைக்கா? நிலத்தில் வேலை செய்யும் ஒருவரோடு பேச முடியுமா? நாளுக்கு எத்தனை தோட்டம்? நான்கு என்று பதில் வந்தால் வேண்டாம், எல்லாம் ஓட்டமாக முடிந்துவிடும். இரண்டு, மிஞ்சினால் மூன்று. மகளையோ மருமகனையோ கட்டாயம் உடன் அழைத்துப் போங்கள். வழிகாட்டி ஆங்கிலம் பேசுவார். தோட்டத்துப் பெரியவர்களில் பலர் பிரெஞ்சில்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.